ஒரே குடோன்ல உரம், பூச்சி மருந்து, களைக்கொல்லி, விதைநெல் எல்லாம் வைக்கலாமா?

பாமணி வடகரை:
எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்க எஃப்பிஓ (உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்) சார்பா இந்த சம்பாவுக்கு உரமும் மருந்தும் நாங்களே மொத்தமா இறக்கி மெம்பருக்கு கொடுக்கலாம்னு முடிவாயிருக்கு, லைசென்ஸ் வேலை ஓடிட்டு இருக்கு. பழைய நெல் குடோன் ஒண்ணு வாடகைக்கு கிடைச்சிருக்கு, 60க்கு 30 அடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் தரை, ஒரே ஹால், முன்னாடி ஒரு ஷட்டர் அவ்ளோதான். யூரியா, டிஏபி, பொட்டாஷ் சேர்ந்து ஒரு லாரி லோடு நிக்கும், அது போக பூச்சி மருந்து, களைக்கொல்லி, கொஞ்சம் சூடோமோனாஸ் (பயிர் நோய தடுக்கற நல்ல பாக்டீரியா). விதைநெல்லும் அங்கதான் கிடக்கும். டைரக்டர்ல ஒருத்தர் நடுவுல தகரம் அடிச்சா போதும்ங்கறார், இன்னொருத்தர் அதுவும் தண்டச்செலவு, மூலைக்கு ஒண்ணா வச்சுக்கலாம்ங்கறார். ஐப்பசியில அந்த தெருவுல கணுக்கால் தண்ணி நிக்கும்னு வேற சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

உரக்கடை பட்டுக்கோட்டை:
உரத்துக்கு மட்டும் சொல்றேன் தம்பி. தரையில நேரா மூட்டைய போடாதீங்க, மரத்தட்டு போட்டு மேல அட்டி கட்டுங்க, சுவத்துல இருந்து ரெண்டு அடி தள்ளி, ஆள் சுத்தி வர வழி இருக்கணும். மழைக்காலத்துல சுவரு ஈரம் இழுக்கும், ஒட்டி வச்ச வரிசை அப்படியே வீணாப் போகும். யூரியாவும் காத்துல இருக்கற ஈரத்தையே உறிஞ்சற சரக்கு, 45 கிலோ மூட்டைய ரொம்ப உசரத்துக்கு ஏத்துனீங்கன்னா அடி மூட்டை கல்லு மாதிரி கட்டிக்கும், வாங்கறவன் தூக்கிப் பாத்துட்டு வேற மூட்டை கொடுன்னு நிப்பான். சிந்தினத கூட்டி அள்ளும்போது யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் ஒரே சாக்குல போட்ராதீங்க, கூழாயிடும். பொட்டாஷ் பக்கத்துல இரும்பு சாமான் எதுவும் வேணாம், ஷட்டர் அடிப்பட்டை எல்லாம் துரு தின்னுரும். கூரையையும் ஏறிப் பாத்துருங்க, கஜா புயல் வந்தப்ப இந்த பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் எப்படி பறந்துச்சுன்னு சொல்லவே வேணாம், கூரைய புடிச்சிருக்கற ஜே போல்ட் எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

ரிட்டயர்டு ஏஓ:
வேளாண் ஆபீசரா இருந்தவன்ங்கற முறையில சொல்றேன், தகரம் போதாதுங்க. கூரை வரைக்கும் செங்கல் சுவர் வச்சு, வெளிப்பக்கமா தனிக் கதவோட மருந்துக்கு ஒரு ரூம் எடுங்க. 1971 பூச்சிக்கொல்லி விதிகள்லயே மருந்த மத்த சாமான் இருக்கற அறையில வைக்கக்கூடாது, தனி ரூம், இல்லன்னா பூட்டு போட்ட தனி அலமாரின்னுதான் இருக்கு, ரூமும் காஞ்சு வெளிச்சமா காத்தோட்டமா இருக்கணும். அந்த விதிகளுக்கு மூலமான சட்டம் வந்த கதைய பல பேருக்கு தெரியாது. 1958ல கேரளாவுல கப்பல்ல கோதுமை மாவு மூட்டையோட வந்த ஃபாலிடால்ங்கற பூச்சி மருந்து ஒழுகி மாவுல ஊறிடுச்சு, அத சாப்பிட்டு நூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுக்கு அப்புறம் விசாரணை கமிஷன் போட்டு, 1968ல பூச்சிக்கொல்லி சட்டமே வந்துச்சு. உங்க குடோன்ல நெல்லும் மருந்தும் ஒண்ணா வைக்கறேன்னு சொன்ன உடனே எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு.

மருந்து ரூம் வாசல்ல அரை அடி மேடு கட்டிருங்க, உள்ள கேன் உடைஞ்சாலும் வெளிய ஓடாது. தரையில வெளிய போற ஓட்டை ஒண்ணும் வைக்காதீங்க. ஒழுகினா தண்ணி ஊத்தி கழுவக்கூடாது, மணலோ மரத்தூளோ போட்டு ஊற விட்டு, கிளவுஸ் போட்டு அள்ளி மூடி போட்ட டின்ல போடணும், அதனால ரெண்டு வாளி காஞ்ச மணல் எப்பவும் ரூம்லயே இருக்கட்டும். அலமாரியில பவுடர் மேல் தட்டு, திரவம் கீழ் தட்டு. எக்ஸ்பயரி ஆனத தனியா எடுத்து விற்பனைக்கு இல்லன்னு எழுதி வச்சுருங்க, செக்கிங் வரும்போது முதல்ல அதைத்தான் தேடுவாங்க. வெள்ளத்த பொறுத்தவரை, கணுக்கால் தண்ணி நிக்கிற தெருன்னா மருந்துக்கு அந்த இடமே வேணாம்னுதான் சொல்லுவேன்.

கோட்டூர் குடியானவன்:
எங்க அப்பா காலத்துல எண்ட்ரின் பூச்சி மருந்து டப்பாவ கட்டிலுக்கு அடியில வச்சிருந்தாரு, ஒண்ணும் ஆகல. நாலு கேனுக்கு செங்கல் சுவரா? சும்மா பயமுறுத்தாதீங்க சார், குழு காசு மெம்பர் காசு. பயப்படணும்னா யூரியாவுக்கு பயப்படுங்க, லெபனான்ல பெய்ரூட் துறைமுகத்துல வெடிச்சது உரம்தானே.

ரிட்டயர்டு ஏஓ:
தம்பி, 2020ல பெய்ரூட்ல வெடிச்சது யூரியா இல்ல, அமோனியம் நைட்ரேட், 2750 டன். நம்ம சென்னை மணலியில 2015ல கஸ்டம்ஸ் புடிச்சு வச்சிருந்த 700 டன் போல சரக்க பெய்ரூட்டுக்கு அப்புறம் அவசர அவசரமா ஐதராபாத்துக்கு அனுப்புனாங்களே, அதுவும் அதேதான். அதுக்கு 2012ல இருந்தே தனி விதி இருக்கு, உங்க குழுவுக்கு அது கைக்கே வராது. யூரியா அப்படி வெடிக்கற சரக்கு இல்ல. ஆனா சொட்டுநீருக்கு 13:0:45 உரம் இறக்கறதா இருந்தா கவனம், அது பொட்டாசியம் நைட்ரேட், தீய ஊதி விடும், சல்ஃபர் பவுடர், டீசல், வெறும் சாக்கு எதுவும் அது கிட்ட வேணாம். கட்டிலுக்கு அடியில வச்சு ஒண்ணும் ஆகாத வீடு உங்களுக்கு தெரிஞ்சது, ஆன வீடுங்களுக்கு போய் நின்னவன் நான். வீட்டுல சண்டை வந்த ராத்திரி கைக்கு எட்டுற தூரத்துல அந்த டப்பா இருக்கக்கூடாது. பூட்டும் சாவியும் திருடனுக்காக மட்டும் இல்ல.

பருத்தி அக்கா:
களைக்கொல்லி பத்தி யாரும் தனியா சொல்லலையே. மருந்து ரூம் உள்ளயே களைக்கொல்லிக்கு தனி மூலை, தனி அளவு கப்பு, தனி டிரே வைங்க. 2,4-டிங்கற களைக்கொல்லியில எஸ்டர் வகையெல்லாம் மூடி சரியா திருகலைன்னா ஆவி கிளம்பும், அந்த வாடை ஏறுன சாக்குல விதை வச்சா முளைப்புக்கு உத்தரவாதம் கிடையாது. உங்க பக்கம் சம்பா அறுத்துட்டு கோடைப் பருத்தி போடுவீங்கல்ல, பருத்திக்கு 2,4-டி துளி போதும். எங்க ஊர்ல ஒருத்தர் 2,4-டி அளந்த அதே கப்புல மாவுப்பூச்சிக்கு மருந்து அளந்து அடிச்சாரு, அடுத்த வாரம் கொழுந்து இலை பூரா விரல் விரலா பிரிஞ்சு வெண்டை இலை மாதிரி சுருங்கி நிக்குது, காய் பிடிக்கவே இல்ல. கடைக்காரன் போலி மருந்து கொடுத்துட்டான்னு சண்டைக்கு போனாரு மனுஷன். அப்புறம் சூடோமோனாஸ் உயிருள்ள சரக்கு தம்பி, ஆஸ்பெஸ்டாஸ் சூட்டுல வச்சா உயிர் போயி பாக்கெட்ல தேதி மட்டும்தான் மிஞ்சும். தேவைக்கு மட்டும் வாங்கி குளிர்ச்சியான இடத்துல வைங்க, சாப்பாட்டு ஃபிரிட்ஜ்ல வேணாம்.

பாமணி வடகரை:
எல்லாருக்கும் நன்றி. ஏஓ சார் பதிவ அப்படியே டைரக்டர் குரூப்ல போட்டேன், தகரம் பார்ட்டி அமைதியாயிட்டார். இப்ப யோசனை என்னன்னா, குடோன்ல உரம் மட்டும். மருந்துக்கு மெயின் ரோட்டு மேட்டுல மெம்பர் ஒருத்தரோட ரெண்டு கடை ரூம் சும்மா இருக்கு, பின்னாடி அவரு வீடும் இல்ல, கிணறும் இல்ல. விதைநெல் பழையபடி ஆபீஸ்லயே. ஒரு சந்தேகம், தீ புடிச்சா என்ன பண்றது, ரோட்டுக்கு எதிர்ல வாய்க்கால் ஓடுது.

ரிட்டயர்டு ஏஓ:
வாய்க்கால் இருக்குன்னா முதல்லயே ஃபயர் ஸ்டேஷன்ல போய் என்ன சரக்கு எவ்ளோ இருக்குன்னு ஒரு லிஸ்ட் கொடுத்துட்டு வாங்க. 1986ல ஸ்விட்சர்லாந்து பாசல் பக்கத்துல ஒரு ரசாயன குடோன் எரிஞ்சப்ப அணைக்க அடிச்ச தண்ணியே மருந்த அள்ளிட்டு ரைன் ஆத்துல போய், மீனு கூட்டம் கூட்டமா செத்துச்சு. சின்ன தீன்னா பவுடர் எக்ஸ்டிங்விஷர், அது ரூம் உள்ள இல்ல, கதவுக்கு வெளிய மாட்டுங்க. பெரிசாப் போச்சுன்னா காத்துல புகை போற பக்கம் நிக்காம விலகிடுங்க, அவங்க வரட்டும். அப்புறம் அந்த ரூம்ல ஒயரிங் எத்தன வருஷம் பழசுன்னு கேட்டீங்களா?

பாமணி வடகரை:
இல்ல சார். நாளைக்கு எலக்ட்ரீஷியன கூட்டிட்டு போறேன்.