மறு: ‘கிளீன் ஏஜென்ட்’ தீயணைப்பான் – ‘தூய முகவர்’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு தயாராகிறது, அதில் ‘கிளீன் ஏஜென்ட்’ வகைத் தீயணைப்பானை (தீயை அணைத்ததும் ஆவியாகி, வண்டியில் எதுவும் படியாமல் போய்விடும் பொருள் அடைத்தது) தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ‘தூய முகவர்’ என்று ஒரு யோசனையும் வந்தது. மூன்று நாளாக இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். என்னிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது, அறுபதுகளில் சென்னையிலேயே செய்த வண்டி. அது ஒருமுறை தீப்பிடித்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

> ஏஜென்ட் என்பதற்கு முகவர் என்று ஏற்கெனவே சொல் இருக்கிறது. தூய முகவர் என்பதில் என்ன குறை?

முகவர் என்றால் ஆள். காப்பீட்டு முகவர், பால் முகவர், வாக்குச்சாவடி முகவர். சிலிண்டருக்குள் அடைத்திருக்கும் பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தால் பட்டறையில் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றி, ஒடுக்கி என்றுதானே சொல்கிறோம், அங்கே எந்த முகவரும் தேவைப்படவில்லை.

‘தூய’ என்பதுதான் எனக்கு இன்னும் கவலை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் மூச்சில் போனாலும் கெடுதல் இல்லாத ஏதோ ஒன்று என்று தோன்றும். அப்படி இல்லை. கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து அதை அடிக்கக் கூடாது. அடித்தால் உடனே கதவைத் திறந்து வெளியே வந்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் ‘கிளீன்’ என்பதற்கு இந்த இடத்தில் ஒரே பொருள்தான்: தீ அணைந்த பிறகு பொருள் ஆவியாகிப் போய்விடும், வண்டியில் ஒன்றும் படிந்திருக்காது. நம் சொல்லும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

படிந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வண்டியே சாட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பெட்ரோல் வாடை வந்தது, கூடவே பானட் ஓரத்தில் புகை. கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. ஹெரால்டு எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோக்கி மேனிஃபோல்டும் ஒரே பக்கம். மேலே ஒழுகினால் நேராகச் சூட்டில்தான் விழும். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். இந்த வண்டியின் பானட் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்பக்கம் சாயும். நான் தூக்கப் போனேன். எதிரே டீக்கடையிலிருந்து ஒருவர் “முழுசா தொறக்காதீங்க சார், காத்து உள்ள போகும்!” என்று கத்தினார். அவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, வண்டி இன்று இருப்பது அவரால்தான். கையளவு மட்டும் தூக்கி, அந்த இடுக்கு வழியாக 1 கிலோ ஏபிசி பொடியை (மரம்-துணி, எண்ணெய், வாயு என மூன்று வகைத் தீக்கும் ஆகிற பொடி) அடித்தேன். நாலைந்து நொடியில் தீ அடங்கியது.

அப்புறம்தான் பாடு. ஏபிசி பொடியில் பெரும்பங்கு மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அது 190 டிகிரி வாக்கில் உருகும். மரம், துணி எரியும்போது உருகி மேலே ஒட்டி மூடிக்கொள்வதால்தான் அந்தத் தீயும் அணைகிறது, அது அதன் சிறப்பு. ஆனால் சூடான மேனிஃபோல்டில் அதே பொடி கண்ணாடிபோல இறுகி, உளி வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் மாவாகக் கிடந்ததை ஊதித் தள்ளிவிட்டு, மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கடற்கரை ஈரம். பொடி ஈரத்தை இழுத்து அமிலமாகிவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது கார்புரேட்டரின் உலோகம் அம்மைத் தழும்புபோலக் குழிந்திருந்தது. தீயில் போனது ஒரு குழாயும் ஒரு முழம் ஒயரும். பொடியில் போனது கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும்.

ஆகவே ‘படிவு’ என்ற சொல்லை விட எனக்கு மனமில்லை. படிவு + இலி = படிவிலி. கணக்கில் ‘முடிவிலி’ என்று பிள்ளைகள் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள், அதே வார்ப்பு.

> படிவிலி என்றால் விண்ணப்பப் படிவம் நினைவுக்கு வராதா? எச்சமிலி நன்றாக இருக்கிறதே.

படிவத்தோடு இலி சேர்ந்தால் படிவமிலி என்று வரும். படிவிலியில் இருப்பது படிவு மட்டும்தான், ஆற்றுப் படிவு, உப்புப் படிவு என்கிறோமே, அது. எச்சமிலி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எச்சம் என்றால் ஒருவருக்குப் பறவை எச்சம், இன்னொருவருக்கு வினையெச்சம். மக்கட்பேறு என்ற பழைய பொருளும் உண்டு. பிள்ளையில்லாதவரைச் சுடுவதுபோன்ற சொல் தீயணைப்பானின் மேல் வேண்டாம்.

‘ஏஜென்ட்’ பகுதிக்கு ‘அணைபொருள்’ என்று வைக்கலாமா? எரிவது எரிபொருள், அணைப்பது அணைபொருள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே வேண்டாம். இழையில் ஒருவர் ‘அணைப்பொருள்’ என்று ஒற்று போட்டிருந்தார். எரிபொருள், சுடுசோறு, ஊறுகாய் போல இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘அணை’ என்பதில் நீர்த்தேக்கமும் தழுவலும் கலந்திருப்பது உண்மைதான், ஆனால் தீ பற்றிய பக்கத்தில் யாரும் தடுமாற மாட்டார்கள். கருவிக்குத் தீயணைப்பான் என்பதே இருக்கட்டும். அழிப்பான், வடிப்பான் வரிசையில் அது ஊன்றிவிட்டது.

மற்ற வகைகளுக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை: உலர்பொடி, நுரை, கரியமில வாயு. கரியமில வாயுவும் படிவு வைக்காதே, அதுவும் படிவிலிதானே என்று பொறியாளர் ஐயா கேட்டது நியாயம். குறிப்பில் அதைத் தனியாகவே வைப்போம், ஏனென்றால் காருக்கு அது சரிப்படாது. உருளை கனம். திறந்த வெளியில் வாயு கலைந்துவிடும், சூடான உலோகத்தில் தீ திரும்பப் பற்றும். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாக நிற்காது, அழுத்தம் கிடுகிடுவென ஏறும். நம் ஊர் மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அதை வைக்க எனக்குத் துணிவில்லை.

ஹேலான் 1211 பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். பழங்கார்க்காரர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசுகிற பழைய அணைபொருள் அது. பெயரிலுள்ள எண்ணே அதன் கூட்டைச் சொல்லும்: கார்பன் 1, புளோரின் 2, குளோரின் 1, புரோமின் 1. தீயின் தொடர்வினையை அறுப்பது அந்தப் புரோமின். ஓசோனைக் கெடுப்பதும் அதுவே. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வளர்ந்த நாடுகள் 1994 முதலும், நம்மைப் போன்ற நாடுகள் 2010 முதலும் புதிதாகச் செய்வதை நிறுத்தின. பழைய சிலிண்டர் யாராவது தருகிறேன் என்றால் ஆசைப்பட வேண்டாம், நிரப்ப வழியில்லை. இப்போது படிவிலி என்று கடையில் கிடைப்பவற்றில் எச்சிஎஃப்சி-123, எச்எஃப்சி-236எஃப்ஏ, எஃப்கே-5-1-12 ஆகியவை உண்டு. கடைசியில் சொன்னது சிலிண்டருக்குள் தண்ணீர்போல இருக்கும், 49 டிகிரியில் கொதிக்கும், காற்றில் புவிச்சூட்டைக் கூட்டுவதும் மிகக் குறைவு. விலை கூடுதல்தான். இருந்தாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

படிவிலியின் பலவீனத்தையும் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். பானட்டுக்குள், டேஷ்போர்டுக்குப் பின்னால், அடைசலான இடத்தில் அது நன்றாக வேலை செய்யும். வண்டிக்கு அடியில் ரோட்டில் பெட்ரோல் கொட்டி எரிந்தால், காற்றடிக்கும் இடத்தில் பொடியே மேல். ஆகவே என் காரில் இப்போது இரண்டு இருக்கின்றன. 2 கிலோ படிவிலி ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், தரையில் இரும்புப் பட்டையோடு திருகிப் பொருத்தியது. சமையல் சோடா வகைப் பொடி 1 கிலோ பின் இருக்கைக்குக் கீழே. டிக்கியில் எதுவும் வைப்பதில்லை, ஹெரால்டின் பெட்ரோல் டேங்க் அங்கேதான். பொடி வண்டியின் குலுக்கலில் அடியில் இறுகும். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினால் இளகும்.

ஒரு எச்சரிக்கை. ‘சி’ வகைத் தீ என்றால் இந்தியத் தர அளவில் வாயுத் தீ. அமெரிக்க லேபிளில் அதே எழுத்து மின்சாரத் தீ. வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவர்கள் குழம்புகிறார்கள், ஆகவே குறிப்பில் எழுத்தை மட்டும் போடாமல் ‘எண்ணெய்த் தீ’, ‘வாயுத் தீ’, ‘ஒயர்த் தீ’ என்று எழுதிவிடுவோம். ‘மின்கசிவுத் தீ’ என்ற செய்தித்தாள் சொல் காருக்குப் பொருந்தாது. பழைய துணி சுற்றிய ஒயர் உரசி, காப்பு தேய்ந்து, பாடியில் தொட்டு எரிவதுதான் இங்கே நடப்பது.

குழாய்க்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். இப்போது பங்க்கில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அறுபதுகளின் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை, ஊறி வெடிக்கிறது. எத்தனால் தாங்கும் குழாய் மாற்றாமல் தீயணைப்பான் மட்டும் வாங்குவது பாதி வேலை.

வரைவில் நான் எழுதியிருப்பது இது:

“பழங்காருக்குப் படிவிலித் தீயணைப்பானே ஏற்றது. குறைந்தது 2 கிலோ, கைக்கு எட்டும் இடத்தில். எஞ்சினை நிறுத்துங்கள், பேட்டரியைத் துண்டிக்க முடிந்தால் துண்டியுங்கள், பானட்டைக் கையளவு மட்டும் திறந்து அடியுங்கள். அணைந்த பின்னும் உடனே முழுதாகத் திறக்க வேண்டாம், மறுபற்றல் நேரலாம்.”

கடைசிச் சொல்லில்தான் எனக்கு இன்னும் தயக்கம். அணைந்த தீ திரும்பப் பிடிப்பதற்கு ‘மறுபற்றல்’ என்று போட்டிருக்கிறேன், ஆனால் கடன் பற்றுவரவு வாடை அடிக்கிறதோ என்று பயம். ‘மீள்பற்றல்’ சரியா, இல்லை ‘திரும்பப் பற்றும்’ என்று வினையாகவே விட்டுவிடலாமா? தீயணைப்புத் துறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் குழுமத்தில் இருக்கிறார், அங்கே வாய்வழக்கில் என்ன சொல்வார்கள் என்று அவர் எழுதினால் அதையே வைத்துக்கொள்ளலாம்.