.45 ரைபிளில் ஈயக் குண்டு சிதறுகிறது: எந்த மருந்து, எந்தத் தக்கை?

புதுக்குழல்:
அனைவருக்கும் வணக்கம். அண்மையில் வாங்கிய .45 (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) வாய்வழி நிரப்பும் ரைபிளில் ஈயக் குண்டுகளைச் சுட்டுப் பழகி வருகிறேன். தொடக்கத்தில் அருகருகே விழும் குண்டுகள் போகப்போக இலக்கு அட்டையெங்கும் சிதறிவிடுகின்றன. 3 எஃப் என்ற பொடிமணிக் கரிமருந்தும், மருந்துக்கும் குண்டுக்கும் இடையே ஃபெல்ட் (அழுத்திய இழைத்துணி) தக்கையும் பயன்படுத்துகிறேன். மருந்தை மாற்ற வேண்டுமா, தக்கையை மாற்ற வேண்டுமா? போட்டி நெருங்கிவிட்டதால் விரைவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஈயவார்ப்பு:
வணக்கம். குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்க உட்சுவரில் சுருளாக வெட்டிய புரிகள், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று? குண்டு உருண்டையா, நீளமானதா? எடை என்ன? ஈயம் தூயதா, கலவையா? இவை தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேச இயலாது. துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 48 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்கு போதும். நீண்ட குண்டு நிலையாகச் சுழல வேண்டுமானால் முறுக்கு விரைவாக இருந்தாக வேண்டும். ஆங்கிலப் பொறியாளர் விட்வொர்த் தமது .451 அறுகோணக் குழலில் 530 கிரெயின் (ஏறத்தாழ 34 கிராம்) குண்டுக்காக 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார், 1853 மாதிரி .577 என்ஃபீல்டு ராணுவ ரைபிளிலோ 78 அங்குலத்துக்கு ஒன்றுதான். என் ஐயம் ஈயத்தின் மீதுதான். மருந்து வெடிக்கும் அதிர்ச்சியில் குண்டு சற்றே குறுகிப் பருத்து, புரிகளை நிறைக்க வேண்டும். கலவை ஈயம் அவ்வளவு எளிதில் பருக்காது. விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். தெளிவான கோடு விழாவிட்டால் அந்த ஈயத்தை ஒதுக்கிவிடுங்கள்.

தேன்மெழுகு:
தக்கைக்கு என்ன பூசுகிறீர்கள்? கடைகளில் கிடைக்கும் பெட்ரோலிய கிரீஸ் என்றால் காரணம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். கரிமருந்தோடு சேர்ந்தால் அது தார் போல இறுகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும், அல்லது தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் கலந்த பூச்சுக்கு மாறுங்கள். கரிப்படிவு மென்மையாகவே இருக்கும்.

பழங்குழல்:
இப்படி அரைகுறையாகக் கேள்வி எழுப்புவதும், கேட்டவரின் ரைபிளைப் பார்க்காமலே ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த மருத்துவத்தைச் சொல்வதும் இங்கே வழக்கமாகிவிட்டது. புதிதாக வருபவர்கள் அடிப்படையையாவது படித்துவிட்டு வர வேண்டும். கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்டது திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அந்தப் படிவைத் துடைக்காமல் அடுத்தடுத்துச் சுட்டால் எந்தத் தக்கையும் காப்பாற்றாது. ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்துணியால் ஒருமுறையும் குழலைத் துடைக்கிறீர்களா? சுட்டபின் விழுந்த தக்கையை எடுத்துப் பார்த்தீர்களா? இவற்றுக்கு விடை வராமல் நான் மேற்கொண்டு எழுதப்போவதில்லை.

புதுக்குழல்:
பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. குழல் .45, முறுக்கு 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அடித்தால் பொறி தரும் கேப் வைத்துச் சுடுவது. குண்டு 500 கிரெயின், நகத்தால் கீறினால் கோடு நன்றாகவே விழுகிறது. 3 எஃப் மருந்து 70 கிரெயின். பூச்சு தேன்மெழுகுக் கலவைதான். ஃபெல்ட் கைவினைப் பொருள் கடையில் வாங்கியது. இடையில் துடைப்பதில்லை. விழுந்த தக்கைகளில் சில ஒருபக்கம் கருகி, விளிம்பு கண்ணாடி போல மினுங்கி இறுகியிருக்கின்றன. ஒன்று குண்டின் அளவுக்கு வட்டமாகப் பள்ளம் விழுந்து கிடந்தது.

பழங்குழல்:
மினுங்கும் விளிம்பு என்றால் அது கம்பளி அல்ல. செயற்கை இழை உருகியிருக்கிறது. கம்பளி கருகுமே தவிர உருகாது. உருகிய இடத்தின் வழியாக வாயு புகுந்து குண்டின் அடிவிளிம்பை அரித்துவிடும். ஒருபக்கம் அரிக்கப்பட்ட குண்டு நேராகப் பறக்காது. தூய கம்பளி ஃபெல்ட் வாங்குங்கள். எட்டில் ஒரு அங்குலத் தடிமன் போதும்.

நிறைகோல்:
தக்கையைப் பற்றிப் பழங்குழல் ஐயா சொன்னதை ஏற்கிறேன். மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. .45 வரையிலான குழலுக்கு 3 எஃப், அதற்கு மேல் 2 எஃப் என்ற விதி உருண்டைக் குண்டுக்காக ஏற்பட்டது. எஃப் எண்ணிக்கை கூடக்கூட மணி பொடியாகும், விரைவாக எரியும், அழுத்தமும் சட்டென ஏறும். அந்த அளவுக் குழலுக்கான உருண்டைக் குண்டு ஏறத்தாழ 130 கிரெயின்தான். நீங்கள் அதன் நான்கு மடங்கு எடையைத் தள்ளுகிறீர்கள். கனமான நீண்ட குண்டுக்கு 2 எஃப் தரும் மெதுவான தள்ளலே உகந்தது. துப்பாக்கியைச் செய்தவர் குறித்திருக்கும் உச்ச அளவை எக்காரணத்தைக் கொண்டும் மீறாமல், குறைந்த அளவிலிருந்து ஐந்தைந்து கிரெயினாக ஏற்றிப் பாருங்கள். மருந்தைத் தராசில் நிறுத்துப் போடுவது நல்லது.

பழங்குழல்:
தராசு எதற்கு? அளவைக் குப்பியால் அளந்து போடுவதே இந்தக் கலையின் மரபு. மணிகள் சீராக அமையும்படி ஒரேமாதிரி தட்டி அளந்தால் வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்கும்.

நிறைகோல்:
கிட்டத்து இலக்குக்கு அது போதும். தொலைவு கூடக்கூட அந்தச் சிறு வேறுபாடே குண்டை மேலும் கீழுமாக இறக்கும். நெடுந்தொலைவுப் போட்டியாளர்கள் நிறுத்துப் போடுவது பொழுதுபோகாமல் அல்ல.

தேன்மெழுகு:
இருவர் சொல்வதிலும் ஒரு எச்சரிக்கை விடுபட்டுள்ளது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் கரிமருந்தைவிட எடை குறைந்தவை. அவற்றைக் கன அளவால்தான் அளக்க வேண்டும். 70 கிரெயின் என்று தராசில் நிறுத்துப் போட்டால் கன அளவு கூடி, மருந்து மிகையாகிவிடும். படிப்பவர்களில் யாரேனும் மாற்று மருந்தை நிறுத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நிறைகோல்:
மிகச் சரி. நான் சொன்னது உண்மையான கரிமருந்துக்கு மட்டுமே.

குறுவிழி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். படிவு குறைய வேண்டும் என்றால் புகையற்ற மருந்தைச் சிறிது கலக்கலாமா?

பழங்குழல்:
கூடவே கூடாது. ஒரு சிட்டிகையும் கூடாது. அதன் அழுத்தத்தைத் தாங்கும்படி இந்தக் குழல்கள் செய்யப்படவில்லை. குழல் பிளந்தால் கையும் கண்ணும் போகும்.

ஈயவார்ப்பு:
புதுக்குழல் அவர்களுக்கு இன்னொன்று. பூச்சுத் தக்கையை நேராக மருந்தின் மேல் வைத்தால் கொழுப்பு மருந்தில் ஊறும். நேராகக் குண்டின் அடியில் வைத்தால் ஒட்டிக்கொண்டு குண்டோடு சிறிது தூரம் பறந்து அதன் போக்கைக் கெடுக்கும். உங்களுக்குக் கிடைத்த பள்ளம் விழுந்த தக்கை அப்படி ஒட்டியதாக இருக்கலாம். ஆகவே மருந்தின் மேல் ஒரு மெல்லிய அட்டை, அதன்மேல் கம்பளித் தக்கை, மறுபடியும் ஒரு மெல்லிய அட்டை, பிறகு குண்டு என்ற வரிசையில் வையுங்கள். அடியில் குழிவுள்ள மினியே வகைக் குண்டுக்கு இந்த அடுக்கு பொருந்தாது. வாயு குழிவுக்குள் புகுந்து பாவாடை போன்ற மெல்லிய அடிவிளிம்பை விரித்தால்தான் அது புரியைப் பிடிக்கும். எதுவானாலும் குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் இருக்கவே கூடாது. படிவு சேர்ந்த குழலில் குண்டு பாதியில் நின்றுவிட்டால், அப்படியே சுடும்போது குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சரியான ஆழத்தைத் திணிகோலில் கோடிட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

புதுக்குழல்:
2 எஃப் மருந்து, கம்பளித் தக்கை, இரு அட்டைகள், ஒவ்வொரு முறையும் ஈரத்துணி. குண்டுகள் இப்போது கடைசிவரை ஒன்றாக விழுகின்றன. அனைவருக்கும் நன்றி. போட்டிக்குப் புறப்படுகிறேன்.

நிறைகோல்:
மகிழ்ச்சி. எதிர்பார்த்தபடி மருந்துதான் காரணம்.

பழங்குழல்:
துடைத்ததுதான் காரணம். இழையை முதலிலிருந்து படியுங்கள்.

ஈயவார்ப்பு:
அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றியிருப்பதால் எது பலனளித்தது என்று இப்போது யாராலும் கூற முடியாது. புதுக்குழல் அவர்களே, போட்டி முடிந்தபின் மற்றவை அப்படியே இருக்க, 3 எஃப் மருந்தை மட்டும் மீண்டும் போட்டுச் சுட்டுப் பார்த்து இங்கே எழுதுவீர்களா?