479ஆம் பிரிவு: ஜாமீன் மறுத்த உத்தரவு நகல்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 479ஆம் பிரிவுக்கு மாநிலத் திருத்தம் கேட்டு அரசுக்கு ஒரு மனு தயாரிக்கிறோம், உங்கள் உதவி அவசரமாகத் தேவை.

இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணைப் பத்திரத்தின் பேரில் விடவேண்டும் என்கிறது முதல் உட்பிரிவு (மரணம், ஆயுள் தண்டனைக் குற்றங்கள் தவிர). பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, நல்லதுதான். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் விடக்கூடாது என்று இரண்டாவது உட்பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது. நம்மூர் எஃப்ஐஆர் எதிலாவது ஒரே பிரிவு இருந்து பார்த்திருக்கிறீர்களா? தெருச் சண்டை என்றாலே பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி) (ஆபாசப் பேச்சு), 115(2) (காயப்படுத்துதல்), 351(3) (கொலை மிரட்டல்) என மூன்றும் வரிசையாக வந்துவிடும். பிறகு அந்தச் சலுகை யாருக்குத்தான் கிடைக்கும்? ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடக்கும் ஏழைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை.

குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் சட்டப்பேரவை திருத்தலாம், மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் அரசியலமைப்பின் 254(2)இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது உட்பிரிவைக் காட்டி ஜாமீன் மறுத்த உத்தரவு நகல் யாரிடமாவது இருந்தால், பெயர், முகவரியைக் கறுப்படித்துவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள். கீழமை நீதிமன்ற உத்தரவுகள்தான் முக்கியம். அப்புறம், சட்ட வரைவு எழுதிப் பழகிய வழக்கறிஞர் யாராவது எங்கள் வரைவை ஒருமுறை படித்துத் திருத்தித் தந்தால் பெரிய உதவி, மாதக் கடைசிக்குள் மனுவைக் கொடுத்தாக வேண்டும்.