ஆயாவின் தாலாட்டு இடது காதில் மட்டும் கேட்கிறது, ஆடாசிட்டி பிரிஃபரன்ஸில் எதை மாற்றணும்?

பள்ளத்தூர்ப் பேரன்:
எங்கள் ஆயாவுக்கு 84 வயது. தாலாட்டும் நலுங்குப் பாட்டுமாக ஒரு 40 பாட்டாவது மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சென்னைக்குக் கிளம்பணும், அதற்குள் முடிந்தவரை பதிவு செய்துவிடலாம் என்று விண்டோஸ் லேப்டாப்பில் ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளைப் போட்டு, இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒரு மைக்கைச் செருகி, நேற்று வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், உட்காரவைத்துப் பாடச் சொன்னேன். மூன்று சிக்கல். குரல் இடது காதில் மட்டும்தான் வருகிறது. ஹெட்ஃபோன் மாட்டியதும் ஆயா, "யாரோ என் பின்னாடியே பாடுறாகப்பா" என்று நிறுத்திவிட்டார்கள், அவர்கள் குரலே தாமதமாகத் திரும்பிக் கேட்கிறது. அப்புறம் நடுநடுவே பாதி எழுத்து விழுங்கின மாதிரி இடைவெளி. ப்ராஜெக்ட்டை பென் டிரைவில் சேமிக்கிறேன். பிரிஃபரன்ஸ் முழுக்கப் பார்த்துவிட்டேன், எதைத் தொடுவது என்று புரியவில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

காரைக்குடி ஒலிப்பதிவு:
தம்பி, நேற்று எடுத்ததை அழித்துவிடாதீர்கள், விழுங்கின இடங்கள் போக, குரல் முழுசாகத்தான் இருக்கிறது. மைக் முதல் இன்புட்டில் மட்டும் இருக்கிறது, ஆடாசிட்டி ஸ்டீரியோவாக (இடது, வலது என இரண்டு சேனலாக) பதிகிறது, அதனால் வலது பக்கம் காலி. ட்ராக் பெயர் பக்கத்து மெனுவில் ‘ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ’ (இரண்டையும் தனித்தனி ஒற்றைச் சேனலாகப் பிரிப்பது) கொடுத்துவிட்டு, காலியாக உள்ள ட்ராக்கை நீக்குங்கள். இரண்டையும் கலந்து மோனோ ஆக்கினால் சத்தம் பாதியாகிவிடும், அது வேண்டாம். இனிமேல் எடுப்பதற்கு, கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தி, ஆடியோ செட்டிங்ஸில் ரெக்கார்டிங் சேனலை 1 என்று வையுங்கள்.

தாமதம் ஏன் என்றால், குரல் லேப்டாப்புக்குள் போய், மென்பொருள் வழியாகச் சுற்றி, மறுபடி ஹெட்ஃபோனுக்கு வருகிறது. உள்ளே வரும் ஒலியை அப்படியே கேட்கவைக்கும் தேர்வு ஒன்று இருக்கும், வெர்ஷனைப் பொறுத்து ‘சாஃப்ட்வேர் ப்ளேத்ரூ’ என்றோ ‘இன்புட் மானிட்டரிங்’ என்றோ. அதை அணைத்துவிடுங்கள். கேட்டே ஆகணும் என்றால் இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் பட்டன் இருக்கிறதா பாருங்கள், அது கணினிக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வரும். ஆயாவுக்கு ஹெட்ஃபோனே வேண்டாம், நீங்கள் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். ‘லேட்டன்ஸி காம்பன்சேஷன்’ (தாமதத்தை ஈடுகட்டும் அளவு) -130 மில்லி செகண்ட் என்று இருக்கும், அதைத் தொடாதீர்கள், ஒரு ட்ராக்கைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றைப் பதியும்போதுதான் அதற்கு வேலை.

எழுத்து விழுங்குவதற்கு பென் டிரைவ்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. 48000 ஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட், மோனோ என்றால் வினாடிக்கு 1,92,000 பைட், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 690 எம்பி இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கணும். மெதுவான பென் டிரைவ் இடையில் திணறும். லேப்டாப்பின் சொந்த டிரைவில் சேமியுங்கள், ‘டைரக்டரீஸ்’ பக்கத்தில் தற்காலிகக் கோப்புறையும் அங்கேயே இருக்கட்டும், கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டரில் மட்டும் வைக்காதீர்கள். பஃபர் லெங்த் (ஒலியைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் அளவு) 100 மில்லி செகண்ட் என்று இருப்பதை 200 ஆக்குங்கள். மானிட்டரிங்கை அணைத்த பிறகு தாமதம் கூடினாலும் யார் காதுக்கும் தெரியப்போவதில்லை. ‘டிடெக்ட் டிராப்அவுட்ஸ்’ டிக் போட்டிருந்தால் விட்டுப்போன இடத்தில் லேபிள் விழும், அந்த வரியை மட்டும் திரும்பப் பாடச் சொன்னால் போதும்.

தேவகோட்டை ஆச்சி:
மேலே சொன்ன எல்லாம் சரி தம்பி, ஆனால் வளவில் வைத்து எடுக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசித் தேய்த்த சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், எல்லாமே வழவழப்பு, ஒலி பட்டுப் பட்டுத் திரும்பும். அந்த எதிரொலியைப் பிறகு எடுக்க எந்த செட்டிங்கும் இல்லை. என் மாமியார் ஒப்பாரிப் பாட்டுகளை நான் வளவில் எடுத்துவிட்டு, இன்றைக்கும் சொற்கள் தெளியாமல் வருத்தப்படுகிறேன், அவர்கள் இப்போது இல்லை. வளவைச் சுற்றி இருக்கிற அறைகளில் மெத்தையும் ஜமுக்காளமும் அடுக்கி வைத்திருக்கிற அறை ஒன்று இருக்கும், அங்கே உட்காரவையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், சார்ஜரையும் கழற்றிவிடுங்கள், ம்ம் என்கிற இரைச்சல் பல நேரம் அதிலிருந்துதான் வரும். அவர்கள் பாட ஆரம்பிக்கும் முன் 5 வினாடி சும்மா ஓடவிடுங்கள், பிறகு இரைச்சலைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு அந்த அமைதிதான் மாதிரி.

பள்ளத்தூர்ப் பேரன்:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி ஆச்சி. அறைக்குள் மாற்றி இன்று 6 பாட்டு எடுத்தேன், இடைவெளி ஒன்றுகூட இல்லை, டிராப்அவுட் லேபிளும் விழவில்லை. ஹெட்ஃபோன் இல்லாததால் ஆயாவும் தாராளமாகப் பாடினார்கள். ஒன்று மட்டும்: 32 பிட் ஃப்ளோட் வைத்தால் சத்தம் ஏறினாலும் பிறகு குறைத்துச் சரிசெய்யலாம் என்கிறார்களே, கெயினை (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை) அப்படியே விடலாமா?

காரைக்குடி ஒலிப்பதிவு:
விடாதீர்கள். உங்கள் இன்டர்ஃபேஸ் மின்சார அலையை எண்ணாக மாற்றும் இடத்திலேயே உச்சி வெட்டுப்பட்டால், அதற்குப் பிறகு 32 பிட்டில் வைத்தாலும் போனது போனதுதான். எடிட் செய்யும்போது வெட்டாமல் இருப்பதற்குத்தான் அந்த ஃப்ளோட். மீட்டரில் உச்சி -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி கெயினைத் திருப்பி வையுங்கள், ஆயா குரலை உயர்த்தும் பாட்டை வைத்துப் பாருங்கள், மெல்லிய தாலாட்டை வைத்து அளவு பிடித்தால் நலுங்குப் பாட்டில் ஏமாந்துவிடுவீர்கள்.

தேவகோட்டை ஆச்சி:
ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், இது யாருக்காகப் பாடினது, யாரிடம் கற்றது என்று ஆயா வாயாலேயே சொல்லவைத்து அதையும் பதிந்துகொள்ளுங்கள். ஞாயிறு கிளம்பும் முன் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, ஒரு பிரதியைப் பள்ளத்தூர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.