பிலடெல்பியா அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகம்: போய் வந்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

எடிசன்காரன்:

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் நியூ ஜெர்சியில் இருக்கும் நாமெல்லாம் ஒரு நாள் பிலடெல்பியாவுக்குக் கூட்டிப்போவது வழக்கம். சுதந்திர மணி முன்னால் ஒரு போட்டோ, சுதந்திர மண்டபத்தின் முன்னால் ஒரு போட்டோ, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கட்டிவந்த புளியோதரை, அப்புறம் வீடு. நானும் அந்தக் கணக்கில்தான் கிளம்பினேன். மாமனாருக்கு எந்த ஊருக்குப் போனாலும் "இங்க மியூசியம் இருக்கா மாப்பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வி. மூன்றாவது தெருவும் செஸ்நட் தெருவும் சந்திக்கிற இடத்தில் ஒரு பெரிய செங்கல் கட்டடம். சரி, போவோம் என்று நுழைந்தோம்.

இந்த அருங்காட்சியகத்தை 2017 ஏப்ரல் 19 அன்று திறந்திருக்கிறார்கள். 1775இல் அதே தேதியில்தான் லெக்சிங்டனில் போர் தொடங்கியது, அதனால் அந்த நாள். படியேறினால் மேல் மாடியில் வரிசையாகக் காட்சிக்கூடங்கள். நியூயார்க் மக்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளும் காட்சியை ஆளுயர உருவங்களாக நிறுத்தியிருக்கிறார்கள். நடந்தது 1776 ஜூலை 9. சுதந்திரப் பிரகடனத்தை ஊரார் முன் வாசித்த அன்று மாலையே ஓடிப்போய்ச் சிலையைச் சாய்த்துவிட்டார்கள். ஈயச் சிலை. பெரும்பகுதியை உருக்கித் துப்பாக்கிக் குண்டாக்கினார்கள், அதுவும் நாற்பதாயிரத்துக்கு மேல். மாமா அதைக் கேட்டுவிட்டு, "உருக்கிட்டாங்களா? நாம இன்னும் தூசி தட்டி வச்சிருக்கோம்" என்றார். அப்போது அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

தேயிலைக் கதை எல்லாருக்கும் தெரியும். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலுக்குள் போயின. அந்தத் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது என்பதையும் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். கம்பெனி ஏன் அவ்வளவு தேயிலையை அமெரிக்காவில் தள்ளிவிடத் துடித்தது என்று யோசித்தால் வங்காளத்துக்குப் போய் நிற்கும். 1770 பஞ்சத்தில் வங்காளம் அழிந்தது, கம்பெனியின் வருமானமும் படுத்தது, கடன் கழுத்தை நெரித்தது. அதைக் காப்பாற்ற லண்டனில் போட்டதுதான் தேயிலைச் சட்டம். எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் நெருடியது. அங்கே செத்தவர்கள் கணக்கு இலட்சங்களில். உலகம் மறக்காமல் வைத்திருப்பது பெட்டிக் கணக்கை.

உண்மையான விஷயம் கடைசிக் கூடங்களில்தான். 1781, வர்ஜீனியா. ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் பிரபுவின் படை அந்தப் பக்கம் வந்தபோது பண்ணைகளில் இருந்த கறுப்பின அடிமைகள் பலர் எஜமானர்களை விட்டு ஓடி ஆங்கிலேயரிடம் சேர்ந்தார்கள். அங்கே விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையிலிருந்தே அதே வருடம் 17 பேர் ஆங்கிலேயரிடம் ஓடினார்கள். அந்த முடிவை எடுத்தவர்களின் கதையைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். "எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர்கள் ஒரு பக்கம், சமமாக நடத்தப்படுவதற்காக எதிரி முகாமுக்கு ஓடுகிற ஆட்கள் ஒரு பக்கம். தன் நாட்டுப் பிறப்பைச் சொல்லும் இடத்தில் இதையும் வைத்ததற்கு ஒரு சபாஷ்.

மாமா காரன்வாலிஸ் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "யாரு, நம்ம காரன்வாலிஸா?" என்று சத்தமாகக் கேட்டார். நம்ம ஆளேதான். மாமா திண்டுக்கல்காரர். ஹைதர் அலி பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, இருந்த ஊர், மலைக்கோட்டையைப் பார்த்தே வளர்ந்தவர். 1792இல் திப்புவைப் பணியவைத்துத் திண்டுக்கல்லையும் சேலம் பக்கத்தையும் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர் இந்தக் காரன்வாலிஸ். பக்கத்தில் நின்ற பணியாளர் பெண்மணியிடம் மாமா தன் தாலுகா ஆபீஸ் இங்கிலீஷில் அத்தனையும் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு அவர் கதை 1781இல் முடிந்துவிடுகிறது" என்று சிரித்தார். "எங்களுக்கு அதுக்கப்புறம்தாம்மா ஆரம்பம்" என்றார் மாமா, தமிழிலேயே.

வேறு யாராவது போயிருந்தால் எழுதுங்கள்.

மண்ணடி வாசகர்:

தம்பி, உங்கள் மாமா நினைத்தது எங்கள் ஊர்ச் சிலையைத்தான். செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறார் காரன்வாலிஸ். தாமஸ் பேங்ஸ் செதுக்கிய பளிங்குச் சிலை, ஆள் உயரத்தைவிடப் பெரியது. கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சிலையைவிடப் பீடத்தைப் பாருங்கள். திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அதில் புடைப்பாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகள். 1792 உடன்படிக்கையில் பாதி நாடு, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், அதைக் கட்டி முடிக்கும்வரை பிள்ளைகள் பிணை. அவர்களை மதராசுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பீடத்தில் அதைப் பெருமையாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல்.

யார்க்டவுனில் 1781 அக்டோபர் 19 அன்று சரணடையும்போது இந்தப் பெரிய மனிதர் உடம்பு சரியில்லை என்று சொல்லி நேரில் வரவில்லை. ஓஹாரா என்ற துணைத் தளபதியிடம் வாளைக் கொடுத்தனுப்பினார். வாஷிங்டனும் அதைத் தான் வாங்காமல் தன் துணைத் தளபதி லிங்கனிடம் அனுப்பிவிட்டார். அப்படித் தோற்றவரை ஐந்தே வருடத்தில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். நம் ஊரில் டெபாசிட் இழந்தவருக்கு வாரியத் தலைவர் பதவி கொடுப்பதில்லையா, அது மாதிரி.

அதே கட்டடத்தில் இன்னொன்றும் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி. பட்டுத் துணி, 12 அடிக்கு 8 அடி. 2013 குடியரசு நாளிலிருந்து மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பட்டு வெளுத்துவிடும் என்பதால் வெளிச்சத்தை மங்கலாக்கி, காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்துப் பாதுகாக்கிறார்கள். உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் நின்றால் கண் பழகிக் காவி நிறம் முதலில் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் வந்தால் இரண்டு நிமிடத்தில் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். வார நாள் காலையில் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

பிலி மருமகள்:

நான் இங்கேயே குடியிருப்பதால் சில நடைமுறை விஷயங்கள் சொல்கிறேன். ஒரே டிக்கெட்டில் அடுத்த நாளும் போகலாம். அதனால் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒரே மூச்சில் பார்த்து முடிக்க வேண்டியதில்லை.

எடிசன் அண்ணா கூடாரத்தைப் பற்றி எழுதவே இல்லையே! வாஷிங்டன் போர்க்காலத்தில் தங்கிய கூடாரத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். அதற்கென்று தனி அரங்கம். ஒரு குறும்படம் ஓடி முடிந்ததும் திரை மேலே போகும், பின்னால் கண்ணாடிக்கு அப்பால் கூடாரம். போட்டோ எடுக்க விடமாட்டார்கள். முதல் தடவை எனக்கு இது கொஞ்சம் கர்ப்பக்கிரகத் திரை விலக்குகிற வேலையாகத்தான் பட்டது. ஒரு தளபதி தூங்கிய இடத்துக்கு இவ்வளவு பீடிகையா என்று. ஆனால் அந்தத் துணியின் கதை தெரிந்தபின் எனக்கு வேறு ஆட்கள்தான் தெரிகிறார்கள். வில்லியம் லீ என்ற அடிமை போர் முழுக்க வாஷிங்டனின் கூடவே இருந்தவர். அவர் உடையை எடுத்து வைத்ததும் குதிரையில் பின்னாலேயே போனதும் இவர்தான். பிறகு கூடாரம் குடும்பச் சொத்தாக இறங்கி பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் தளபதியான ராபர்ட் லீயின் மனைவி கைக்கு வந்தது. அந்தப் போரில் லீ குடும்பத்தின் வீட்டை அரசுப் படை பிடித்தபோது, வாஷிங்டனின் பொருட்கள் திருட்டுப் போகாமல் காப்பாற்றியவர் செலினா கிரே, அவரும் அந்த வீட்டு அடிமைதான். கடைசியில் 1909இல் ராபர்ட் லீயின் மகள் அந்தக் கூடாரத்தை 5,000 டாலருக்கு பர்க் என்ற பாதிரியாரிடம் விற்றார். அவர் சேர்த்ததுதான் இந்த அருங்காட்சியகச் சேகரிப்பின் தொடக்கம்.

அங்கிருந்து நடந்தே சுதந்திர மணிக்கு வந்தால், பக்கத்தில் வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தபோது குடியிருந்த வீட்டின் இடம் இருக்கிறது. அங்கே அவர் ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார். பென்சில்வேனியாவின் 1780ஆம் வருடச் சட்டப்படி வெளியூர்க்காரரின் அடிமை ஆறு மாதம் இங்கேயே தங்கினால் விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் ஆகுமுன் அவர்களை எல்லை தாண்டி அனுப்பிவிட்டுத் திரும்ப அழைத்துக்கொள்வார். ஓனி ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796 மே மாதத்தில், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே நடந்து போய்விட்டார். திரும்பப் பிடிக்க வாஷிங்டன் ஆள் அனுப்பியும் பிடிபடவில்லை. வரும் சொந்தக்காரர்களிடம் மணியைக் காட்டுவதற்கு முன்னால் நான் இதைத்தான் சொல்வேன். என் மாமியாருக்கு இந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. மணியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காஞ்சி பஸ்:

திண்டுக்கல் ஐயாவுக்கு ஒரு செய்தி. 1782இல் பென்சில்வேனியா மாகாணம் டெலாவேர் விரிகுடாவைக் காக்க ஒரு போர்க்கப்பலை இறக்கியது. அதன் பெயர் 'ஹைதர் அலி'. பகடி இல்லை, நிஜம். ஜோஷ்வா பார்னி என்பவர் தலைமையில் அது ஏப்ரல் 8 அன்று தன்னைவிட அதிக பீரங்கி வைத்திருந்த 'ஜெனரல் மங்க்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்துக் கொண்டுவந்தது. பிலடெல்பியாவில் அப்போது ஹைதர் பெயர் அடிபட்டதற்குக் காரணம் எங்கள் பக்கத்துப் புள்ளலூர். 1780 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அங்கேதான் முறியடித்தார்கள். எதிரிக்கு எதிரி என்ற கணக்கில் அமெரிக்கர்களுக்கு அவர் நண்பர்.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்க வருகிறவர்கள் நேரமிருந்தால் புள்ளலூருக்கு ஒரு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். அங்கே அருங்காட்சியகம் எதுவும் கிடையாது. அடுத்த வருடம் நடந்த சண்டையில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகள் இருவருக்கு எழுப்பிய தூண்கள் வயலோரம் நிற்கின்றன. ஹைதரின் பக்கத்தில் செத்தவர்களுக்கு ஒரு கல்லும் நான் பார்க்கவில்லை. நடவு நேரத்தில் போனால் வரப்பில் பார்த்து நடங்கள், வழுக்கும்.