விட்டுக்கொடுத்துத் தோற்பதை நிறுத்திய பிறகு

இரு பிள்ளைகளின் தாய், திருச்சி:

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற ‘தம்பி’ குதிரையை ஊரெங்கும் சுவரொட்டிகளில் பார்த்த என் மகன், அந்தக் குதிரை வரும் ஆட்டம் தனக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. கணவர் அன்று மாலையே ஒரு பலகையை வாங்கி வந்து, ராஜா முதல் சிப்பாய் வரை எல்லாக் காய்களின் நடையையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாளிலேயே குதிரை பலகையை விட்டு இறங்கிக் கட்டிலின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

அவனுடைய ஆர்வம் போய்விடக் கூடாதே என்று நாங்கள் செய்ததுதான் பெரிய தவறு. இருவரும் பேசிவைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தோற்றோம். சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. ஒருநாள் இவர் தம் ராணியை அவனுடைய யானைக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியபோது, பையன் காயைத் தொடாமல் சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பா, இத வேணும்னேதான வச்சீங்க?” என்று கேட்டான். இவரால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவரை தான் வென்ற ஆட்டங்கள் எல்லாமே பொய் என்று அந்த ஒரு நொடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு மாதங்கள் அவன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அன்றே ஒரு முடிவுக்கு வந்தோம்: ஆட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம், ஆனால் நம் ஆட்டத்தைக் குறைத்து ஆடக் கூடாது. மற்றக் காய்களை எல்லாம் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ஆளுக்கு எட்டுச் சிப்பாய்களை மட்டும் வைத்து, யாருடைய சிப்பாய் முதலில் எதிர் வரிசையைத் தொடுகிறதோ அவர்களுக்கே வெற்றி என்று ஆடினோம். ஓர் ஆட்டம் ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். தோற்றாலும் அழுவதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கியிருக்கும். அதில் கை தேறிய பிறகு ராஜாவையும், பின்னர் யானையையும் சேர்த்தோம். குதிரை கடைசியாகத்தான் வந்தது.

மகளுக்கு இப்போது ஆறு வயது. அண்ணனைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, சதுரங்கம் என்றால் அவளுக்கு ஆகவில்லை. அவளுக்குப் பிடித்தது ஆடு புலி ஆட்டம். சுண்ணக்கட்டியால் தரையில் முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாக வரைந்து, மூன்று கருங்கற்களைப் புலிகளாகவும் பதினைந்து புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் வைத்துக்கொண்டோம். இந்த ஆட்டத்தில் இரு தரப்பும் சமமானவை அல்ல என்பதே குழந்தைகளோடு ஆடுவதற்கு வசதியாக இருக்கிறது. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் வழியே கிடையாது, சூழ்ந்து நின்று புலியை நகரவிடாமல் அடைக்க மட்டுமே முடியும். பதினைந்து ஆடுகளும் களத்துக்கு வந்து சேரும்வரை ஒன்றைக்கூட இடம் மாற்ற முடியாது என்பதால், வைக்கிற இடத்தை வைக்கும்போதே யோசித்தாக வேண்டும்.

முதல் பத்து ஆட்டங்களில் நான் புலியாகி அவளுடைய ஆடுகளைத் தின்று தீர்த்தேன். பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ நினைவில்லை, ஒரு கொட்டையை வைக்கப் போன கை அந்தரத்தில் நின்றது. என் புலிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஓர் ஆடு இருந்தது. அதன் மறுபுறம் காலியாக இருந்த புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கொட்டையை அங்கே வைத்தாள். “இதுக்குப் பின்னாடி இன்னொரு ஆடு நின்னா புலி எங்கம்மா குதிக்கும்?” என்றாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த முகத்தைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது.

எங்கள் வீட்டில் இன்னொரு விதியும் உண்டு. ஆட்டத்தின் நடுவே பிள்ளைகள் ஒரே ஒரு முறை “திருப்பு” என்று சொல்லலாம். சொன்னால் இருவரும் இடம் மாறி உட்கார வேண்டும். அவர்களுடைய மோசமான நிலையை நான் ஏற்க வேண்டும், என்னுடைய நல்ல நிலை அவர்களுக்குப் போகும். நான் முழு மூச்சாக ஆடுவதற்கு இது தடையாக இருப்பதில்லை, வெற்றி வாய்ப்பும் அவர்களை விட்டுப் போவதில்லை. எந்த நேரத்தில் திருப்பச் சொன்னால் தனக்கு ஆதாயம் என்று இருவருமே இப்போது கணக்குப் போடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ இருந்தால், ஆடி முடித்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள். எங்களிடம் பதினைந்துக்குப் பதினான்கு இருந்த ஒரு நாளில், வந்திருந்த உறவினரின் இரண்டு வயதுக் குழந்தையின் மூக்கிலிருந்து மருத்துவர் இடுக்கியால் அந்தப் பதினைந்தாவதை எடுத்துத் தந்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்:

தங்கையின் பகிர்வைப் படித்ததும் பேரனோடு கழித்த கோடை விடுமுறை நினைவுக்கு வந்தது. நான் கற்றுக்கொடுத்தது பல்லாங்குழி. பதினான்கு குழிகள், குழிக்கு ஆறு வீதம் எண்பத்து நான்கு சோழிகள். ஏழு வயதுப் பையன் முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது கணக்குப் பாடமாகவே இருந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு குழியை அள்ளப் போனவன், அள்ளாமலேயே கண்ணால் குழிகளை ஓட்டிப் பார்த்து, “பாட்டி, இத எடுத்தா உங்க பக்கம் பசு ஆயிடும், வேண்டாம்” என்று வேறு குழிக்குப் போனான். நான்கு காய் சேர்ந்தால் பசு என்பதும், அது விழுந்த குழி யாருடையதோ அவருக்கே சொந்தம் என்பதும் அவனுக்கு முன்பே தெரியும். காயை எடுப்பதற்கு முன் அதை நினைத்துப் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

ஆனால் வேண்டுமென்றே தோற்கவே கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. பல்லாங்குழியில் தோற்றவர் தம்மிடம் மிஞ்சிய காய்களைக் கொண்டே அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். நிரப்ப முடியாத குழிகள் ஆட்டத்திலிருந்து விலகி நிற்கும். ஏழை மேலும் ஏழையாகும் ஆட்டம் இது. மூன்று குழிகளோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அவற்றையும் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே நான் தோற்கவும் இல்லை, தொடர்ந்து பறிக்கவும் இல்லை: ஒவ்வொரு ஆட்டத்தையும் இருவரும் எண்பத்து நான்கில் பாதிப் பாதியோடு புதிதாகத் தொடங்குவது என்று ஆட்டத்தின் மரபையே மாற்றிக்கொண்டேன். என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் பலகையைப் பிடுங்கி வைத்திருப்பார்.

தாயக்கட்டையையும் விட்டுவிடாதீர்கள். பரமபதத்தில் குழந்தை யோசிப்பதற்கு ஒன்றுமே கிடையாது, விழுந்த எண்ணுக்கு நகர்த்த வேண்டியதுதான். தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா, மலையில் ஏறிப் பத்திரமாக இருப்பதா என்ற முடிவு கையில் இருக்கிறது. தோற்றால் பழியைக் கட்டையின் மேல் போட்டுவிடவும் முடிகிறது. ஆறு வயதுக்கு அந்த ஆறுதல் தேவைதான்.

மூன்று பிள்ளைகளின் தந்தை, ஜெர்மனி:

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. இந்த நாட்டில் குடும்பமாக மேசையில் அமர்ந்து பலகை விளையாட்டு ஆடுவது பெரிய வழக்கம். 1979 முதல் ஆண்டுதோறும் சிறந்த விளையாட்டுக்கு விருது கொடுக்கிறார்கள். 2001 முதல் சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விருதும் உண்டு.

எங்கள் மூத்த மகள் மூன்றரை வயதில் ஆடத் தொடங்கியது 1986இல் வெளிவந்த ‘ஒப்ஸ்ட்கார்ட்டன்’, அதாவது பழத்தோட்டம். நான்கு மரங்களில் நாற்பது மரப்பழங்கள். எல்லோரும் ஒரே அணியாகச் சேர்ந்து, காகத்தின் ஒன்பது துண்டுப் படம் முழுமையாவதற்கு முன் பழங்களைப் பறித்துவிட வேண்டும். வென்றாலும் தோற்றாலும் எல்லோருக்கும் சேர்த்தே என்பதால், விட்டுக்கொடுத்துத் தோற்பதா என்ற சிக்கலே அங்கே எழுவதில்லை. ஆட்டம் முழுதும் பகடையின் போக்குத்தான். அதில் கூடைப் படம் விழும்போது மட்டும் விரும்பிய இரண்டு பழங்களை எடுக்கலாம். மகள் பல மாதங்கள் செர்ரிப் பழத்தையே எடுத்துக்கொண்டிருந்தாள், சிவப்பாக இருக்கிறது என்பதற்காக. ஒருநாள் எந்த மரத்தில் அதிகம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, பிடிக்காத பிளம்ஸை எடுத்தாள். உத்தி என்ற சொல்லை அறியாத பிள்ளை அன்று உத்தியோடு ஆடினாள் என்றே எண்ணுகிறேன்.

1995இல் விருது பெற்ற, நிலங்களின் விளைச்சலைக் கொண்டு ஊர் கட்டும் ‘கட்டான்’ விளையாட்டை எட்டு வயதில் அவளுக்குக் கொடுத்து நான் அவசரப்பட்டுவிட்டேன்; பெட்டியிலேயே பத்து வயது என்று போட்டிருந்தது. விதிகள் அவளுக்கு விளங்கின. பகடையில் ஏழு விழுந்தபோது தம்பி ‘கொள்ளையன்’ காயைக் கொண்டுவந்து அவளுடைய ஒரே கோதுமை வயலில் வைத்து விளைச்சலை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. சீட்டுகள் அனைத்தும் மேசைக்கு அடியில் கிடந்தன. அன்றிலிருந்து, மூன்று புள்ளிகளைத் தொடாதவரின் நிலத்தில் கொள்ளையனை வைக்கக் கூடாது என்று ஆடுகிறோம்.

திருச்சித் தாயின் மறுமொழி:

அம்மா, நீங்கள் செய்ததும் ஆட்டத்தை மாற்றியதுதானே ஒழிய விட்டுக்கொடுத்தது அல்ல என்று வாதாடத் தோன்றுகிறது. அண்ணா, கொள்ளையனை எங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு அழைக்க மாட்டேன்.

நேற்று மாலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மகள் பன்னிரண்டு ஆடுகளோடு என் மூன்று புலிகளையும் மெல்ல மெல்ல ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வழி தெரியாமல் நானே “திருப்பு” என்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. “அது சின்னவங்களுக்கு மட்டும்மா” என்று சொல்லிக்கொண்டே, கடைசியாகத் திறந்திருந்த புள்ளிக்கு ஓர் ஆட்டை நகர்த்திவிட்டு, அண்ணனைக் கூப்பிட எழுந்து ஓடினாள்.