தோவாளைப் பூ விலையும் நூறு டேட் பிக்கரும்

தோவாளைக்காரன் (திங்கள், இரவு 9.40)

நாகர்கோவிலில் ஒரு சின்ன அலுவலகத்தில் பிரவுசர் பக்க வேலை பார்க்கிறேன். தோவாளைச் சந்தை வியாபாரிகள் சிலர் சேர்ந்து தினசரி பூ விலைக்கு ஒரு இணையப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். நாள் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி, மாத விலை ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டுப்படம், கடைப் பெயர்கள் அகர வரிசையில், கடைக்கு வழி காட்ட ஒரு மேப். இவ்வளவுதான் வேலை. ஆனால் என்பிஎம்மில் (ஆயத்த ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின், அதாவது நிரல் பொதிகளின் கிடங்கு) 'டேட் பிக்கர்' (தேதி எடுக்கும் காலண்டர் பெட்டி) என்று தேடினால் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாமே தன்னை 'லேசானது, வேகமானது' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) வாங்கிய நட்சத்திரத்தைப் பார்த்து எடுப்பதா, டவுன்லோடு எண்ணிக்கையைப் பார்த்தா? அலுவலகத்தில் கேட்டால் "கூகிளில் முதலில் வருவதைப் போடுடே" என்கிறார்கள். நீங்கள் எல்லாம் எப்படி எடுக்கிறீர்கள்?

குழித்துறை ரயில் (இரவு 10.05)

தம்பி, பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். வார டவுன்லோடு எவ்வளவு, கடைசி வெளியீடு எப்போது, படிக்கிற மாதிரி விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்களா. இந்த மூன்றும் போதும். மேப்புக்கு லீஃப்லெட் என்ற லைப்ரரி (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்). 2011 முதல் இருக்கிறது, 42 கேபி அளவுதான், கண்ணை மூடிக்கொண்டு எடு. படத்தின் மூலையில் வரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (வரைபடத் தரவு தருகிறவர்கள்) பெயரை மட்டும் அழகுக்காக எடுத்துவிடாதே, அது கட்டாயம். தேதிக் கணக்குக்கு டே.ஜேஎஸ் லைப்ரரி, 2 கேபி.

சொந்தமாக எழுதுகிறேன் என்று மட்டும் இறங்காதே. நான் இறங்கியவன். ஒரு கேபிள் டிவி சந்தாக் கணக்கில் ஜனவரி 31-ஆம் தேதியோடு ஒரு மாதம் கூட்டினேன். ஜாவாஸ்கிரிப்ட் பிப்ரவரி 31-ஐத் தேடிப் போய், அப்படி ஒரு நாள் இல்லாததால் மார்ச் 3-இல் போய் நின்றது. மாதக் கடைசியில் சேர்ந்தவர்களுக்கு பிப்ரவரி பில்லே போகவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது காலண்டரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. டே.ஜேஎஸ் அதே கணக்கை பிப்ரவரி 28-இல் நிறுத்தும். ஆயிரம் பேர் அடிபட்டுத் திருத்தி வைத்ததை விட்டுவிட்டு நாம் ஏன் முதலிலிருந்து அடிபட வேண்டும்?

கோணத்துப் பழையவன் (இரவு 10.50)

டவுன்லோடு எண்ணிக்கை ஆள் எண்ணிக்கை இல்லை ஓய். ஒரு பேக்கேஜை எடுத்தால் அது தன் பின்னால் இருபதை இழுத்துக்கொண்டு வரும். அந்த இருபதுக்கும் கணக்கு ஏறும். ஒவ்வொரு பில்டுக்கும் (நிரலைத் தொகுத்துத் தயாராக்குவது) சர்வர்கள் திரும்பத் திரும்ப இறக்குவதும் அதில் சேரும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவரே என்பிஎம்மிலிருந்து தூக்கிவிட்டார். எழுத்தின் இடப்பக்கம் இடைவெளி நிரப்புவதுதான் அதன் மொத்த வேலை. பேபல் என்ற பிரபலக் கருவி முதற்கொண்டு எத்தனையோ பில்டுகள் அன்றைக்கு நின்றன. நின்ற பாதிப் பேருக்கு அப்படி ஒரு பேக்கேஜ் தங்களிடம் இருப்பதே அதுவரை தெரியாது. அந்த வேலை பிறகு 2017-இல் பேட்ஸ்டார்ட் என்று ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது.

அதனால் தம்பி, நான் முதலில் தேடுவது என்பிஎம்மில் இல்லை, எம்டிஎன் (பிரவுசர் வசதிகளை விளக்கும் தளம்) பக்கத்தில். பிரவுசருக்கே தெரிந்த வேலையா என்று பார்ப்பேன். உன் அகர வரிசையை எடுத்துக்கொள். ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் கட்டளையைச் சும்மா போட்டால் மரம், மறம், மலர் என்று வரும். எழுத்துக்கு எண் தரும் யூனிகோடு அட்டவணையில் ர-வை அடுத்து ற உட்கார்ந்திருப்பதால் வரும் வினை அது. ஒன்றாம் வகுப்பில் படித்த வரிசைப்படி மரம், மலர், மறம் என்றுதானே வர வேண்டும்? பிரவுசருக்குள் இருக்கும் இன்டில் என்ற மொழிக் கருவித்தொகுப்பில், வரிசைப்படுத்தும் கொலேட்டரிடம் மொழி தமிழ் என்று சொன்னால் ஒழுங்காக அடுக்கிக் கொடுக்கும். விலைக்கும் அதே இன்டில்தான். 125000-ஐ 1,25,000 என்று நம் ஊர்க் கணக்கில் காற்புள்ளி வைத்துத் தரும். தேதிக்கு, இன்புட் பெட்டியின் வகையை டேட் என்று மாற்று. காலண்டர் தானாக வரும். லீஃப்லெட் மட்டும் சரி, மேப்பை நாம் எழுத முடியாது.

குழித்துறை ரயில் (இரவு 11.10)

அந்த டேட் பெட்டியை ஏதாவது வியாபாரியின் போனில் திறந்து பார்த்தீர்களா அண்ணே? பிரவுசர் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் மாதத்தை முன்னால் காட்டும். 05/06 என்று இருப்பதை நம் ஆட்கள் ஜூன் 5 என்று படிப்பார்கள், அது மே 6. மாற்றலாம் என்றால், அந்தப் பெட்டியில் தேதி எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்ல நம் கையில் வழியே கிடையாது. பூ விலையில் ஒரு மாதம் மாறினால் என்ன ஆகும் என்று தோவாளைக்காரன் தம்பிக்குத் தெரியும்.

கோணத்துப் பழையவன் (இரவு 11.16)

சரி, அது நியாயம். பெட்டிக்குக் கீழே 'செவ்வாய், 6 மே' என்று தமிழில் ஒரு வரி காட்டிவிட்டால் தீர்ந்தது. அதையும் இன்டிலே எழுதித் தரும்.

குழித்துறை ரயில் (இரவு 11.18)

ஒட்டுப் போட்ட வேட்டி.

மார்த்தாண்டம் அக்கா (செவ்வாய், காலை 7.30)

இரண்டு பேரும் அளவையும் எண்ணிக்கையையுமே பிடித்துத் தொங்குகிறீர்கள். மொமென்ட் என்ற தேதி லைப்ரரியைப் பாருங்கள். 2020 செப்டம்பரில் அதை நடத்துகிறவர்களே 'இனி புதிய வேலைக்கு இதை எடுக்க வேண்டாம்' என்று எழுதி, வேறு பெயர்களையும் பரிந்துரைத்துவிட்டார்கள். டவுன்லோடு இன்றும் லட்சக்கணக்கில் ஓடுகிறது. ரயில் தம்பியின் முதல் கேள்விக்கு அது நூற்றுக்கு நூறு வாங்கும்.

நான் கிட்ஹப்பில் நேராக இஷ்யூ (பிழைப் புகார்) பட்டியலுக்குப் போவேன், அதுவும் மூடப்பட்டவற்றுக்கு. ஒருவர் பிழை சொன்னால் எப்படிப் பதில் வருகிறது, 'சரிசெய்தாயிற்று' என்று மூடியிருக்கிறார்களா, பதிலே இல்லாமல் தானியங்கி வந்து மூடியதா என்று பத்து இஷ்யூ படித்தால் அந்த வீட்டின் லட்சணம் தெரிந்துவிடும். அப்புறம் சார்புப் பட்டியல், அதாவது அது பின்னால் இழுத்துவரும் பேக்கேஜ்கள். ஒரு டேட் பிக்கருக்கு ஐந்து பேக்கேஜ் துணை வேண்டும் என்றால் நான் கதவைச் சாத்திவிடுவேன்.

உரிமத்தை யாருமே சொல்லவில்லை. கோட்டுப்பட லைப்ரரி எல்லாம் இலவசம் என்று நினைக்க வேண்டாம். ஹைசார்ட்ஸை வணிகப் பக்கத்தில் போட்டால் காசு கட்ட வேண்டும். எம்ஐடி உரிமம் என்றால் கவலை இல்லை. ஜிபிஎல் என்றால், விநியோகிக்கும்போது நம் நிரலையும் திறந்து கொடுக்கச் சொல்லும், நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் பிரவுசருக்கு நிரலை அனுப்புவதே அதை விநியோகிப்பதுதான்.

அடுத்தது, எவனோ ஒருவன் டொமைனிலிருந்து ஸ்கிரிப்டை நேராக இழுக்காதே. பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிக்கு நிரல் தரும் பாலிஃபில்.ஐஓ என்ற சேவை ஒன்று இருந்தது. 2024-இல் அந்த டொமைன் கைமாறி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்கு அதன் வழியாகக் கெட்ட நிரல் போனது. கோப்பின் முத்திரையைச் சரிபார்க்கும் இன்டெக்ரிட்டி வசதியும் அங்கே உதவவில்லை. பிரவுசருக்கு பிரவுசர் வேறு வேறு கோப்பு தருவதுதான் அந்தச் சேவையே, எதற்கு முத்திரை வைப்பது? லீஃப்லெட் கோப்பை இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என்பிஎம் வழியாக எடுத்தால் லாக் கோப்பையும் (பதிப்புகளைப் பூட்டி வைக்கும் கோப்பு) நிரலோடு சேர்த்து கமிட் செய்யுங்கள். 2022 ஜனவரியில் கலர்ஸ் பேக்கேஜை எழுதியவரே வேண்டுமென்று அதற்குள் முடிவில்லாத சுற்று ஒன்றை வைத்தார். பதிப்பைப் பூட்டி வைத்தவர்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை.

கோணத்துப் பழையவன் (காலை 8.02)

இதைத்தானே அக்கா நானும் சொல்கிறேன், எடுக்காவிட்டால் இந்த வம்பே இல்லை என்று.

மார்த்தாண்டம் அக்கா (காலை 8.15)

இல்லை அண்ணே. நீங்கள் எழுதியதற்கு இஷ்யூ பட்டியலே கிடையாது. பிழை இருக்கிறதா என்று தெரிய வழியில்லாததைப் பிழை இல்லாதது என்று சொல்லக்கூடாது. உங்கள் காலண்டரை மவுஸ் இல்லாமல் கீபோர்டில் மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கண் தெரியாதவர் ஸ்க்ரீன் ரீடரில் திறந்தால் என்ன வாசிக்கும்? நல்ல லைப்ரரியில் இதற்கென்றே யாரோ சண்டை போட்டு வாங்கி வைத்திருப்பார்கள்.

பேச்சிப்பாறை மழை (காலை 9.20)

லைப்ரரியின் டெமோ பக்கத்தை நம்பாதீர்கள் மக்களே. அதில் எப்போதும் ஐந்தே வரி, எல்லாம் ஆங்கிலம், அவர்கள் வீட்டு வைஃபை. எங்கள் பக்கம் மழை பிடித்தால் சிக்னல் ஒரு கோடுதான். பழைய போன் ஒன்றை எடுத்து, நம் ஊர்ப் பெயர்களைப் போட்டுப் பாருங்கள்.

தோவாளைக்காரன் (செவ்வாய், இரவு 9.15)

எல்லாருக்கும் நன்றி. மழை அண்ணன் சொன்னபடியே இன்று செய்தேன். கோட்டுப்படத்துக்கு மூன்று லைப்ரரிகளைக் குறித்து வைத்திருந்தேன். நட்சத்திரம் அதிகம் உள்ள ஒன்றில் பூப்பெயர்களைப் போட்டேன். மல்லி, அரளி எல்லாம் சரி. கோழிக்கொண்டை வந்ததும் 'கோழிக…' என்று வெட்டிப் போட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் பெயரின் நீளம் ஐந்தைத் தாண்டினால் வெட்டு என்று எழுதியிருக்கிறது. நமக்குக் கோ, ழி, க், கொ, ண், டை என்று ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக 12. ஐந்தாவதில் வெட்டியதில் க்-இன் புள்ளி போய்விட்டது. நாகர்கோவிலுக்கும் அதே கதிதான், ஆறு எழுத்தை 11 என்கிறது. இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று அக்கா சொன்ன மாதிரி இஷ்யூ பட்டியலில் தேடினேன். இந்தி எழுதுகிற ஒருவர் இதையே சொல்லியிருக்கிறார், பதில் இல்லாமல் தானியங்கி மூடியிருக்கிறது. அதோடு அதை விட்டேன்.

இன்டில் செக்மென்ட்டர் எழுத்தை எழுத்தாகவே எண்ணுகிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸிலும் வந்துவிட்டதால் இப்போது எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் இருக்கிறது. கடைசியில் மேப்புக்கு லீஃப்லெட், எங்கள் சர்வரிலிருந்தே. வரிசைக்கும் விலைக்கும் இன்டில். தேதிக்கு ரயில் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டேன், சார்பே இல்லாத ஒரு சின்ன பிக்கர், எம்ஐடி உரிமம், கீபோர்டில் ஓடுகிறது. கோட்டுப்படம் மட்டும் நானே எஸ்விஜியில் (பிரவுசரே வரையும் கோட்டோவிய வடிவம்) எழுதினேன். முப்பது புள்ளி, ஒரு கோடு, நாற்பது வரி நிரல்.

குழித்துறை ரயில் (இரவு 9.40)

எல்லாம் சரி, அந்த நாற்பது வரியில்தான் மாட்டப் போகிறாய். ஓணம் வந்தால் மணிக்கு ஒரு விலை, வியாபாரிகள் உள்ளே விரித்துப் பார்க்க ஜூம் கேட்பார்கள். அப்புறம் பழைய வருட ஓணத்தோடு ஒப்பிடக் கேட்பார்கள். நாற்பது நானூறு ஆகும். நீ வேறு வேலைக்குப் போன பிறகு அதை யார் தொடுவது?

கோணத்துப் பழையவன் (இரவு 9.44)

கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இல்லாத ஜூமுக்கு இன்றே ஏன் பாரம் சுமப்பது?

தோவாளைக்காரன் (இரவு 9.51)

கேட்டுவிட்டார்கள் அண்ணே, சாயங்காலமே.